‘ஏன்’ என்று கேட்டால் வாயடைத்துப் போகிறேன்

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தேன். இப்போது முதலாம் ஆண்டு. அனாட்டமியை (உடற்கூறு) எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறேன். உடம்பு எப்படி இயங்குகிறது என்று சொல்லும் பிசியாலஜிதான் பிடிபடவில்லை. கல்லூரி வைக்கும் இரண்டு இன்டர்னல் தேர்விலும் ஃபெயில். புத்தகத்தில் இருப்பதை வரி மாறாமல் படித்துக்கொண்டு போகிறேன், ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ‘ஏன்’ என்று ஒரு கேள்வி கேட்டால் வாயடைத்துப் போகிறேன். அடுத்த ஆண்டு பேத்தாலஜி (நோயியல்) இதைவிட மோசம், நோட்ஸை உருப்போட்டால்தான் தேற முடியும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். பாடத்தைத் தமிழில் யோசிப்பதால்தான் பின்தங்குகிறேனா? இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவருமா? இன்னொன்று, புதுப் புத்தகம் வாங்க வசதியில்லை. சீனியர்களிடம் பழைய பதிப்பு வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

ஒத்துவரும். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது இதுதான். நீட் தேர்வில் தகுதி பெற்று, 2020-ல் வந்த சட்டப்படி உங்களுக்குரிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைப் போன்ற பிள்ளைகள் நான் பாடம் எடுக்கும் நோயியல் வகுப்பிலும் இருக்கிறார்கள். நன்றாகப் படிப்பவர்களும் உண்டு, தடுமாறுபவர்களும் உண்டு. நகரத்து ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து வருபவர்களிலும் இதே கதைதான். முதலாம் ஆண்டு பிசியாலஜியில் சறுக்குவது எல்லாக் கல்லூரியிலும் எல்லா ஆண்டும் நடப்பது. அதை வைத்து ஒருவர் மருத்துவராக முடியுமா முடியாதா என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அனாட்டமி படித்த கையோடு அதே முறையில் பிசியாலஜியையும் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்தத் தசை எந்த எலும்பில் எங்கே ஒட்டுகிறது என்பதைப் பார்த்து, தொட்டு, பத்து முறை சொல்லி மனதில் ஏற்றிவிடலாம். பிசியாலஜி அப்படி ஏறாது. அதில் ஒவ்வொரு வரியும் அதற்கு முந்தைய வரியில் நடந்ததன் விளைவு. நடுவில் ஒன்று விட்டுப்போனால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெறும் சொற்கள். வைவா எடுப்பவர் ‘ஏன்’ என்று கேட்பதும் அந்த விட்டுப்போன இடத்தைத்தான்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஒரு விஷயத்தை எடுத்துப் பார்த்துவிடலாம். ரத்தசோகை. உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. ஹீமோகுளோபின் 7 கிராம் உள்ள ஒரு பெண் ஓ.பி.க்கு வருகிறார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்கிறார். வைவாவில் இந்தக் கேள்வியைக் கேட்டால் ரத்தசோகையின் வகைகளையும் காரணங்களையும் கடகடவென்று சொல்லும் மாணவர்கள் நிறைய. ‘சரி, நெஞ்சு ஏன் படபடக்கிறது?’ என்று கேட்டதும் நின்றுவிடுகிறார்கள். அவர்களிடம் விடைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மி.லி. ரத்தத்தில் 15 கிராம் இருந்தால் சுமார் 20 மி.லி. ஆக்சிஜன். இதயம் ஒரு துடிப்புக்கு 70 மி.லி. வீதம், நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் வெளியே போகிறது. ஆக, நிமிடத்துக்கு ஆயிரம் மி.லி. ஆக்சிஜன் உடம்புக்குப் போய்ச் சேருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்குத் தேவை 250 மி.லி.தான். மீதி 750 மி.லி. கையிருப்பு. படி ஏறும்போது, ஓடும்போது, காய்ச்சலில் படுத்திருக்கும்போது எடுத்துச் செலவழிப்பது அதைத்தான்.

இப்போது 15 என்ற இடத்தில் 7 போடுங்கள். 100 மி.லி. ரத்தத்தில் 9.4 மி.லி. ஆக்சிஜன். அதே 5 லிட்டர் ரத்தத்தில் நிமிடத்துக்கு 470 மி.லி. மட்டுமே. உட்கார்ந்திருக்க இது போதும். அதனால்தான் அந்தப் பெண் ஓ.பி. பெஞ்சில் சாதாரணமாக உட்கார்ந்து பேசுகிறார். படி ஏறும்போது தசைகள் கூடுதலாகக் கேட்கின்றன, கொடுக்கக் கையிருப்பு இல்லை. இதயத்துக்கு ஒரே வழிதான்: ரத்தத்தில் சரக்கு குறைவாக இருப்பதால் அதிக ரத்தத்தை அனுப்புவது. அதனால் வேகமாகத் துடிக்கிறது. இன்னொரு பக்கம், சிவப்பணுக்கள் குறைந்ததால் ரத்தத்தின் பிசுபிசுப்பும் குறைந்திருக்கிறது. மெல்லிய ரத்தம் வேகமாக ஓடும்போது சுழிப்பு உண்டாகி, ஸ்டெதஸ்கோப்பில் ஒரு ‘மர்மர்’ கேட்கிறது. வால்வில் எந்தக் கோளாறும் இருக்காது, சத்தம் மட்டும் இருக்கும். இதற்கிடையே சிவப்பணுவுக்குள் 2,3-பி.பி.ஜி. என்ற பொருள் கூடுகிறது. அது ஹீமோகுளோபினை ஆக்சிஜனைச் சற்று எளிதாகவே விட்டுவிடச் செய்கிறது. ஆக்சிஜன் வளைகோடு வலப்பக்கம் நகர்கிறது என்று நீங்கள் மனப்பாடம் செய்த வரி இந்தப் பெண்ணின் உடம்பில் நடப்பதுதான்.

இப்படியே ஆண்டுக்கணக்கில் இதயம் கூடுதல் வேலை பார்த்தால் ஒரு கட்டத்தில் களைத்துவிடும். அங்கே பிசியாலஜி முடிந்து பேத்தாலஜி தொடங்குகிறது. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது ஆரம்பித்தது என்று கோடு போட்டுச் சொல்ல யாராலும் முடியாது. அடுத்த ஆண்டு வரப்போகும் பாடத்தைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இந்த ஆண்டு பிசியாலஜியை இப்படிக் காரண காரியமாகப் படித்தால், பேத்தாலஜியில் பாதிக்கும் மேற்பட்ட வேலை முடிந்துவிடும். இப்போது உருப்போட்டுத் தப்பித்துக்கொண்டால் அடுத்த ஆண்டு இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு உதாரணம், கால் வீக்கம். இதை நான் அதிகம் விரும்புவதற்குக் காரணம், ஒரே ஒரு பக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் வார்டில் பாதிப் படுக்கைகளின் கதை விளங்கிவிடும். மிக நுண்ணிய ரத்தக் குழாய்களான தந்துகிகளில் நீர் வெளியே போவதும் உள்ளே வருவதும் இரண்டு அழுத்தங்களின் இழுபறி. தமனிப் பக்கம் ரத்தத்தின் அழுத்தம் சுமார் 35 மி.மீ. பாதரசம், நீரை வெளியே தள்ளுகிறது. சிரைப் பக்கம் வரும்போது அது 15-க்கு இறங்கிவிடுகிறது. ரத்தத்தில் உள்ள புரதங்கள், முக்கியமாக ஆல்புமின், ஏறக்குறைய 25 முதல் 28 வரையிலான விசையில் நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. வெளியே போனதில் திரும்பி வராமல் மிச்சப்படுவதை நிணநாளங்கள் அள்ளிக்கொண்டு வந்து ரத்தத்தில் சேர்க்கின்றன. இவ்வளவுதான் பக்கம்.

இப்போது இதில் ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள். இதயம் தளர்ந்தால் சிரையில் ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறும், கால் வீங்கும். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி ஆல்புமின் சிறுநீரில் போனால் இழுத்துப் பிடிக்க ஆளில்லை, முகமும் வீங்கும், காலும் வீங்கும். ஈரல் சுருங்கிப்போனால் ஆல்புமினைத் தயாரிக்கவே ஆளில்லை. தட்டில் புரதமே இல்லாத குழந்தைக்கும் அதே வீக்கம். கும்பகோணம் பக்கம் பல தலைமுறைகளாகப் பார்த்த யானைக்கால் நோயில் ஃபைலேரியா புழு நிணநாளத்தில் குடியேறி அதைக் கெடுத்துவிடுகிறது, அள்ளிக்கொண்டு போக வழியில்லை. ஐந்து நோய்கள், ஐந்து துறைகள், ஒரு பக்கம்.

வார்டுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால் கால் வீங்கிய ஒரு நோயாளியிடம் அனுமதி கேட்டு, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். சில நொடிகள் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டே, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே. விரலை எடுத்ததும் ஒரு குழி தெரியும், மெல்ல மெல்லத்தான் நிரம்பும். விரலுக்கடியில் இருந்த நீர் விலகிப்போய்த் திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரம் அது. நாள்பட்ட யானைக்காலில் அந்தக் குழி விழாது. அங்கே வெறும் நீர் தேங்கியிருக்கும் கட்டம் தாண்டி, திசு நாராகி இறுகிவிட்டது. ஏன் விழுகிறது, ஏன் விழவில்லை என்ற இரண்டையும் சொல்லத் தெரிந்தால், அந்த அத்தியாயத்தை நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று நான் ஒத்துக்கொள்வேன்.

இதன் தொடர்ச்சியைப் பேத்தாலஜி மியூசியத்தில் பார்க்கலாம். கண்ணாடிப் பாட்டிலுக்குள் ஒரு ஈரல் துண்டு இருக்கும், வெட்டிய பரப்பு ஜாதிக்காயை வெட்டியது போலவே சிவப்பும் வெளிறலுமாகப் புள்ளி புள்ளியாகத் தெரியும். பெயரும் ஜாதிக்காய் ஈரல்தான். வலப்பக்க இதயம் தளர்ந்து ரத்தம் பின்னால் தேங்கியதன் அடையாளம். அந்தச் சிவப்பு ஏன் நடுவில் மட்டும் இருக்கிறது? ஈரலின் ஒவ்வொரு சிறு பிரிவிலும் நடுச் சிரையைச் சுற்றியுள்ள செல்கள்தான் தேக்கத்தின் முதல் அடியை வாங்குகின்றன. ஆக்சிஜன் வந்து சேரும் வரிசையிலும் அவைதான் கடைசி. இடப்பக்கம் தளர்ந்தால் தேக்கம் நுரையீரலில். அங்கே கசிந்த சிவப்பணுக்களை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் (விழுங்கு செல்கள்) பழுப்பாக நிற்கும், பிரஷ்யன் ப்ளூ சாயம் போட்டால் உள்ளிருக்கும் இரும்பு நீலமாகத் தெரியும். புத்தகத்தில் இவை வேறு வேறு அத்தியாயங்களில் கிடக்கும். பிசியாலஜி தெரிந்தவருக்கு எல்லாம் ஒரே நோயாளியின் உடம்பு.

எண்களைக் கையிலெடுத்துப் பாருங்கள் என்று நான் இவ்வளவு வலியுறுத்த வரலாற்றிலும் ஒரு காரணம் இருக்கிறது. ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது அவரிடம் தந்துகிகளைப் பார்க்கும் நுண்ணோக்கி இல்லை. அவர் செய்தது ஒரு பெருக்கல். ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தை மிகக் குறைவாகவே வைத்துக்கொண்டு, அரை மணி நேரத் துடிப்புகளால் பெருக்கினார். உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகமாக வந்தது. ஈரல் புதிது புதிதாக ரத்தம் தயாரிக்கிறது, உறுப்புகள் அதைக் குடித்துவிடுகின்றன என்று அதுவரை நம்பி வந்தார்கள். அரை மணியில் அவ்வளவு ரத்தத்தை எந்தச் சாப்பாட்டிலிருந்து தயாரிப்பது? அதே ரத்தம்தான் திரும்பி வந்தாக வேண்டும். சிறுநீரகத்திலும் இப்படி ஒரு பெருக்கல் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 125 மி.லி. வடிகிறது, நாளுக்கு 180 லிட்டர். வெளியே போகும் சிறுநீர் ஒன்றரை லிட்டர். மீதி எங்கே போனது, எந்தக் குழாய்ப் பகுதி எவ்வளவு திரும்ப எடுத்தது என்று கேட்டால் அந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்விக்கு விடையாகவே அமைந்துவிடும்.

தமிழில் யோசிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். யோசியுங்கள். தாராளமாக யோசியுங்கள். அதைத் தவறு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காரண காரியம் நமக்கு எந்த மொழியில் ஓடுகிறதோ அதில்தான் புரியும். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், உடற்கூறும் உடலியங்கியலும் உள்ளிட்ட நூல்களைத் தமிழில் கொண்டுவந்து, தமிழிலேயே மருத்துவம் கற்றுக்கொடுத்து மருத்துவர்களை உருவாக்கியிருக்கிறார். ஆகவே தமிழில் இது புரியாது என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

ஆனால் தேர்வு ஆங்கிலத்தில் இருக்கிறது, அதற்கும் வழி செய்ய வேண்டும். நான் மாணவர்களிடம் சொல்வது இப்படி. ஒரு நிகழ்வைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அறைத் தோழியை உட்கார வைத்து, நம் பேச்சுத் தமிழில் முதலிலிருந்து கடைசி வரை சொல்லுங்கள். ஆல்டோஸ்டிரோன், கேப்பிலரி, ஆஸ்மாட்டிக் பிரஷர் போன்ற சொற்களை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடி இப்போது நேரத்தைச் செலவிட வேண்டாம். தோழி குறுக்கே ‘ஏன்’ என்று கேட்க வேண்டும், அது அவருடைய வேலை. தடையில்லாமல் சொல்ல வந்த பிறகு, அதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு நிகழ்வு மட்டும். அழகான ஆங்கிலம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. விடைத்தாள் திருத்துபவர் தேடுவது நிகழ்வுகளின் வரிசையும், அம்புக்குறி போட்ட ஒரு ஃப்ளோ சார்ட்டும், பெயர் குறித்த ஒரு படமும்தான். நடுவில் ஒரு வினைச்சொல் பிழையானால் மதிப்பெண் போகாது. வரிசை பிழையானால் போகும்.

வைவாவிலும் ஒன்று செய்து பாருங்கள். ‘ஏன்’ என்று கேட்டதும் முழு விடையும் ஒரே மூச்சில் நினைவுக்கு வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு முந்தைய படியைச் சொல்லுங்கள். ‘சார், முதலில் வீனஸ் பிரஷர் கூடும்’ என்று ஆரம்பித்துவிட்டால் எதிரில் இருப்பவர் பெரும்பாலும் அடுத்த படிக்குக் கைகொடுத்துவிடுவார். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு உதவத்தான் எங்களுக்கு வழி தெரிவதில்லை.

பிராக்டிகலை வெறும் ரெக்கார்டு நோட்டு வேலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாலி முறையில் ஹீமோகுளோபின் பார்த்திருப்பீர்கள். அமிலத்தில் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை விட்டு, 10 நிமிடம் காத்திருந்து, பக்கத்திலுள்ள ஒப்பீட்டு நிறத்துக்கு வரும் வரை சொட்டுச் சொட்டாக நீர் சேர்த்து, எந்த அளவுக்கு ஏறியது என்று பார்ப்பது. பலர் அந்த 10 நிமிடத்தில் அரட்டை அடித்துவிட்டு, பக்கத்து மேசையின் அளவை எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் ஹீமோகுளோபின் அமில ஹெமட்டினாக மாறிக்கொண்டிருக்கிறது, பழுப்பு நிறம் ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்றே நிமிடத்தில் நீர் சேர்த்தால் உங்கள் அளவு கூடுமா குறையுமா? நிறம் முழுதாக ஏறவில்லை, ஆகவே கொஞ்சம் நீரிலேயே ஒப்பீட்டு நிறத்துக்கு வந்துவிடும், ஆகவே குறைவாகக் காட்டும். வைவாவில் இதைக் கேட்பார்கள். கேட்காவிட்டாலும், நாளை ஆய்வகத்திலிருந்து வரும் ஒரு தாளில் உள்ள எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போவது நீங்கள்தான்.

அடுத்த ஆண்டு அதே ரத்தசோகையை ஸ்மியரில் (கண்ணாடியில் மெல்லியதாகப் பூசிய ரத்தத்தில்) பார்ப்பீர்கள். லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடில் ஒரு சின்ன லிம்போசைட்டை (ஒருவகை வெள்ளணு) தேடிப் பிடித்து, அதன் நியூக்ளியஸோடு சிவப்பணுவை ஒப்பிடுங்கள். ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் இயல்பு. சிவப்பணு சிறிதாக இருந்து, நடுவிலுள்ள வெளிறிய பகுதி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி விரிந்து, ஓரத்தில் மட்டும் வளையம் போல நிறம் நின்றால், அது இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். இரும்பில்லாமல் ஹீமோகுளோபின் நிரம்பவில்லை, நிரம்பாததால் நடுவில் வெளிறல். பார்த்தீர்களா, இதிலும் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

ஸ்லைடு பார்ப்பதில் இப்போதே ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளுங்கள். நுண்ணோக்கியில் வைப்பதற்கு முன் ஸ்லைடை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வெறும் கண்ணால் பாருங்கள். அப்புறம் குறைந்த பெருக்கத்தில் முழுவதையும் ஒரு சுற்று. இது எந்த உறுப்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நோய் என்ன என்பது அதற்குப் பிறகு. எடுத்த எடுப்பில் 40 லென்ஸைத் திருப்பிவிட்டு ஏதோ ஒரு செல்லை முறைத்துப் பார்க்கிறவர்கள், சிறுநீரகத்தைத் தைராய்டு என்று சொல்லிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு அடிப்படை முதலாம் ஆண்டு ஹிஸ்டாலஜி (இயல்பான திசுக்களின்) ஸ்லைடுகள். அவற்றை இப்போது ஹெச் அண்ட் ஈ பென்சிலால் (இளஞ்சிவப்பு, ஊதா வண்ணப் பென்சில்) வரையும்போது, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வரையாமல் லென்ஸில் தெரிவதைப் பார்த்து வரையுங்கள். இயல்பான திசு கண்ணுக்குப் பழகினால்தான் இயல்பு கெட்டது கண்ணில் படும்.

சீனியர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பேத்தாலஜியில் மனப்பாடத்துக்குத் தப்ப முடியாத பகுதிகள் உண்டு. கட்டிகளின் வகைப்பாடு, அவற்றின் குறியீட்டுப் புரதங்கள், லுக்கீமியா வகைகள், எந்த நோய்க்கு எந்தச் சாயம் என்பதெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் மனதில் நிற்கும். பிசியாலஜியிலும் இயல்பு அளவுகளை உருப்போட்டே ஆக வேண்டும். ஆனால் அழற்சி, தேக்கம், ரத்த உறைவு, செல் காயம் என்று புத்தகத்தின் முதல் பகுதியில் வரும் பொது நோயியலை யாராவது நோட்ஸிலிருந்து உருப்போடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அதன் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கிறது. கொஸ்டின் பேங்க்கைத் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைப் பார்த்து, எந்தப் பகுதியிலிருந்து எந்த மாதிரிக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

பேத்தாலஜி என்றாலே பிணவறையும் பாட்டிலும்தான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்தத் துறை பிறந்ததே பிண ஆய்வில்தான் என்பது உண்மை. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் மொர்கானி, 1761-ல், தன் 79ஆம் வயதில், நூற்றுக்கணக்கான பிண ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து, நோயாளி உயிரோடு இருந்தபோது சொன்ன தொல்லைகளையும் இறந்தபின் உறுப்பில் கண்ட மாற்றத்தையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினார். அடுத்த நூற்றாண்டில், 1858-ல், ஜெர்மானிய மருத்துவர் விர்ச்சோ அதை உறுப்பிலிருந்து செல்லுக்குக் கொண்டுபோனார். ஆனால் நம் நாட்டிலேயே இதைவிட எனக்குப் பிடித்த ஒரு நோயியல் நிபுணர் இருக்கிறார்: வி. ராமலிங்கசாமி. விசாகப்பட்டினத்தில் மருத்துவம் படித்தவர். இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஊர் ஊராகக் கழுத்து வீங்கிய மக்கள். அயோடின் இல்லாவிட்டால் தைராய்டு ஹார்மோன் குறையும், ஹார்மோன் குறைந்தால் பிட்யூட்டரியிலிருந்து தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். கூடும், அது சுரப்பியை விரட்டி விரட்டி வளர்க்கும். நீங்கள் இந்த ஆண்டு படிக்கும் பாடம்தான் இது. அவரும் அவருடைய குழுவினரும் 1956-ல் அங்கே தொடங்கிய ஆய்வில், சமையல் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்ததும் கழுத்துக் கழலை குறைவதைக் காட்டினார்கள். இன்று நம் வீட்டில் அயோடின் உப்பு இருப்பதற்குப் பின்னால் அந்த வேலை இருக்கிறது. நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஊர் மக்களின் உப்பு வரைக்கும் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் இந்தத் துறைக்கு வந்ததில் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியதற்கு வருவோம். ரத்தத்திலிருந்து தொடங்குங்கள். பிராக்டிகலில் பாதி அதுதான், அடுத்த ஆண்டு பேத்தாலஜியிலும் அது பெரிய பகுதி. அப்புறம் இதயம், சுவாசம், சிறுநீரகம். இந்த நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை, சேர்த்துப் படித்தால் பலமாக நிற்கும். நரம்பு மண்டலத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அனாட்டமியின் துணை வேண்டும். வகுப்புக்கு முந்தைய இரவு அந்தப் பாடத்தின் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். வேகமாக நடத்தினாலும் காதில் விழும் சொல் எந்தப் படத்தில் வருகிறது என்று தெரியும். அன்று மாலையே புத்தகத்தைத் திறக்காமல் முக்கியப் படம் ஒன்றையும் ஃப்ளோ சார்ட் ஒன்றையும் வெற்றுத் தாளில் போட்டுப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கே மட்டும் புத்தகம். படித்ததையே மறுபடி மறுபடி கண்ணால் ஓட்டுவதைவிட இது கடினமாக இருக்கும், ஆனால் இதுதான் நிற்கும்.

விதிமுறைகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் குறைந்தால் பல்கலைக்கழகத் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகை வேண்டும். முதலாம் ஆண்டில் தேறாமல் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளின்படி முதலாம் ஆண்டை நான்கு முயற்சிகளுக்குள் முடித்தாக வேண்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. இரண்டு இன்டர்னலில் தவறியது திருத்திக்கொள்ளக்கூடிய கட்டம், அதனால் இந்த வாரமே துறைக்குப் போங்கள். உங்களுக்கென்று ஒரு மென்டர் ஆசிரியர் ஒதுக்கியிருப்பார்கள், அவரிடமோ பிசியாலஜி உதவிப் பேராசிரியரிடமோ பேசுங்கள். ‘எனக்கு ஒன்றுமே புரியவில்லை மேடம்’ என்று போனால் அவராலும் எங்கே தொடங்குவது என்று பிடிக்க முடியாது. நீங்கள் எழுதிய ஃப்ளோ சார்ட்டைக் கையோடு கொண்டுபோய், ‘இந்த இடத்திலிருந்து இந்த இடத்துக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை’ என்று காட்டுங்கள். எந்த ஆசிரியரும் அப்படி வரும் மாணவரைத் திருப்பி அனுப்ப மாட்டார். தூக்கம் கெடுகிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை, படிப்பை விட்டுவிடலாமா என்ற எண்ணம் நாள்கணக்கில் விடாமல் வருகிறது என்றால் அதையும் மென்டரிடம் சொல்லுங்கள். கல்லூரி மனநலத் துறை ஓ.பி.யில் போய்ப் பேசுங்கள். வீட்டிலும் மறைக்க வேண்டாம். ஃபெயில் என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னால் பயப்படுவார்கள். என்ன நடந்தது, என்ன செய்யப்போகிறேன் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பெற்றோர் தாங்கிக்கொள்வார்கள்.

பழைய பதிப்பு பற்றி: பிசியாலஜிக்குத் தயங்காமல் வாங்குங்கள். முந்தைய பதிப்பில் இதயமும் சிறுநீரகமும் வேறு மாதிரி வேலை செய்யவில்லை. சீனியர் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது, அவர் எங்கே திணறினார் என்று தெரியும். பேத்தாலஜியில் பொது நோயியல் பகுதிக்குப் பழையது போதும். கட்டிகள், லுக்கீமியா, லிம்ஃபோமா ஆகியவற்றின் வகைப்பாட்டை மட்டும் உலகச் சுகாதார நிறுவனம் அவ்வப்போது மாற்றுகிறது. அந்த அத்தியாயங்களைக் கல்லூரி நூலகத்தின் புதிய பதிப்பில் படித்து, மாறியதைப் பென்சிலால் உங்கள் புத்தகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். வாங்கும்போது படங்களின் அச்சு தெளிவாக இருக்கிறதா, வண்ணப் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று மட்டும் புரட்டிப் பார்த்துவிடுங்கள். நகலெடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதி பேத்தாலஜிக்கு உதவாது.